பழைய சிஸ்டத்தில் பயிற்சி வீடியோ: அம்மாபேட்டையிலும் ஏற்காட்டிலும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய சிஸ்டத்தைச் சர்வீஸ் கடையில் வைத்து "வீடியோ திக்குதுங்க" என்று சொன்னால் மூன்று பதிலில் ஒன்று வரும். ஃபார்மட் போட்டுடலாம், ரேம் ஏத்திடலாம், எஸ்எஸ்டி போட்டா பறக்கும். இந்த மூன்றும் செய்து முடித்த சிஸ்டங்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. விண்டோஸ் சுறுசுறுப்பாகத் திறக்கும். வீடியோ மட்டும் முன்பு திக்கிய அதே இடத்தில் திக்கும்.

சேலம் அம்மாபேட்டையில் தையலும் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரும் சொல்லித் தரும் ஒரு சின்னப் பயிற்சி மையத்தின் சிஸ்டங்களைப் பல வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் அவர்களுக்கே இன்னொரு அறை இருக்கிறது. இரண்டு இடத்திலும் இருப்பவை கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் சிஸ்டங்கள். பெரும்பாலும் கோர் 2 டுவோ, சில முதல் தலைமுறை ஐ3. ரேம் 2 ஜிபி அல்லது 4 ஜிபி, விண்டோஸ் 7. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்பை வீட்டிலிருந்து எடுத்து வருகிறவர்களும் உண்டு. பாடம் எல்லாம் ஒரு பயிற்சி சாஃப்ட்வேருக்குள் வீடியோவாக இருக்கிறது. ஒரு வீடியோ முழுசாக ஓடி முடிந்தால்தான் அடுத்த பாடம் திறக்கும். பாதியில் நின்றால் அந்தப் பிள்ளை அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் வீடியோ ஓடுவது எங்களுக்குச் சொகுசு கிடையாது, வகுப்பே அதில்தான் நடக்கிறது.

வீடியோ திக்கினால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட விடுவேன். பிராசஸர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருந்தால் விஷயம் தெளிவு, டிகோட் செய்ய, அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படமாக்க, அதனால் முடியவில்லை. 50 சதவீதத்திலேயே அசையாமல் நின்றாலும் ஏமாந்துவிடக் கூடாது. கோர் 2 டுவோ மாதிரி இரண்டு கோர் சிஸ்டத்தில் அதற்கு ஒரு கோர் முழுசாகத் திணறுகிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது என்று அர்த்தம். பழைய டிகோடர்கள் ஒரே கோரில் வேலை பார்க்கிறவை. கோர் 2 டுவோவில் பிராசஸர் 20, 30-இல் நின்றும் வீடியோ திக்கினால்தான் ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க், டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும்.

பிராசஸர் ஏன் திணறுகிறது என்பதற்கு ஃபைலைத்தான் பார்க்க வேண்டும். எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை, அதாவது கோடெக், எச்.264-ஆ, எச்.265-ஆ, வேறு எதுவுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எச்.264 தரநிலை 2003-இல் வந்தது, எச்.265 பத்து வருஷம் கழித்து 2013-இல். இன்டெல்லில் எச்.265-ஐ கிராஃபிக்ஸ் சிப்பே முழுசாக டிகோட் செய்வது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான். எங்கள் கோர் 2 டுவோ சிஸ்டங்களில் இருப்பது ஜி31, ஜி41 மதர்போர்டுகள். அவற்றின் கிராஃபிக்ஸுக்கு எச்.264-ஐயே முழுசாக டிகோட் செய்யத் தெரியாது, பாரம் மொத்தமும் பிராசஸர் தலையில். 720பி எச்.264 என்றால் கோர் 2 டுவோ மூச்சு வாங்காமல் ஓட்டிவிடும். 1080பி எச்.265 கொடுத்தால் படுத்துவிடும். இதில் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் எந்தப் பங்கும் இல்லை. நொடிக்கு 5 மெகாபிட் வீடியோ என்றால் டிஸ்கிலிருந்து நொடிக்கு 1 எம்பி கூட வாசிக்க வேண்டியதில்லை. பதினைந்து வருஷப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதைக் கொடுத்துவிடும்.

எங்களுக்குத் தலைவலி வந்ததும் இந்த வழியில்தான். சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு அப்டேட்டில் பாட வீடியோக்கள் அத்தனையையும் 1080பி எச்.265-க்கு மாற்றி அனுப்பிவிட்டது. ஃபைல் அளவு குறைகிறது என்று அவர்களுக்குச் சந்தோஷம். போன் செய்தால் "சிஸ்டத்தை அப்கிரேடு பண்ணுங்க சார்" என்று ஒரே பாட்டு. மையம் வாங்கும் ஃபீஸுக்கு அத்தனை சிஸ்டத்தையும் மாற்றுவது நடக்கிற காரியமா?

அப்டேட் வந்ததும் தையல் டீச்சர் அக்கா சொன்ன புகார் இது: "தம்பி, வி.எல்.சி.ல போட்டா கொஞ்சம் திக்கினாலும் ஓடுதுங்க. சாஃப்ட்வேருக்குள்ள சத்தம் மட்டும் வருது, படம் கருப்பா நிக்குது." இதே கேள்வியைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். வி.எல்.சி. பிளேயர் தன் கட்டுச்சோற்றைத் தானே கட்டிக்கொண்டு வருகிற ஆள், பக்கத்து இலைக்குப் பரிமாறாது. அதன் டிகோடர்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன, வேறு எந்த சாஃப்ட்வேருக்கும் அவை கிடைக்காது. எங்கள் பயிற்சி சாஃப்ட்வேர் டைரக்ட்ஷோ என்ற விண்டோஸின் சொந்த வீடியோ அமைப்பு வழியாகப் படம் காட்டுகிறது. விண்டோஸ் 7-இல் எச்.265-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த டிகோடர் எதுவும் கிடையாது. ஆகவே வி.எல்.சி.யை எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் சாஃப்ட்வேருக்குள் கருப்புதான்.

அந்தக் கருப்பை நீக்கியது லாவ் ஃபில்டர்ஸ். இலவசம், சின்ன ஃபைல், டைரக்ட்ஷோ வழியில் வருகிற எல்லா சாஃப்ட்வேருக்கும் டிகோடர் கொடுக்கும். பயிற்சி சாஃப்ட்வேர் 32 பிட் என்றால் 32 பிட் லாவ் தேவை, விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் சரி. அதன் இன்ஸ்டாலர் இரண்டையும் சேர்த்தே போடுகிறது என்பதால் இதில் தடுமாற வேண்டியதில்லை. இதற்குப் பதிலாகக் கிடைத்த கோடெக் பேக்கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்த சிஸ்டங்களையும் பார்த்திருக்கிறேன். எந்த டிகோடர் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட சிஸ்டத்தில் மட்டும் "ஃபார்மட் போட்டுடலாம்" என்பது நியாயமான பதில். அப்புறம், லாவ் போட்டதும் படம் தெரிந்தது, ஆனால் திக்கியது. டிகோடர் கிடைத்ததே தவிர பிராசஸருக்குப் புதுத் தெம்பு வந்துவிடவில்லையே.

முழு விடுதலை கொடுத்தது ஹேண்ட்பிரேக், வீடியோவை ஒரு கோடெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சாஃப்ட்வேர். சிஸ்டங்களை ஒவ்வொன்றாக நோண்டுவதைவிட வீடியோவை ஒரே ஒரு முறை மாற்றிவிடுவது எவ்வளவோ மேல். மையத்தின் அலுவலகத்தில் கொஞ்சம் புதிய சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதில் இரவில் வரிசை கட்டி ஓட விட்டுவிட்டு வருவோம், காலையில் ஃபைல்கள் தயாராக இருக்கும். கோடெக் எச்.264, ஃபிரேம் ரேட் நிலையாக இருக்கும்படி தேர்வு. 'ஃபாஸ்ட் டிகோட்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை மறக்காமல் டிக் செய்ய வேண்டும். டிகோட் செய்ய அதிக உழைப்பு கேட்கும் சில வேலைகளை அது தவிர்த்துவிடுகிறது. ஃபைல் கொஞ்சம் பெருக்கும், பழைய பிராசஸருக்கு அது வரம்.

எல்லா வீடியோவையும் 480பி-க்கு இறக்கிவிடலாம் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். தையல் வீடியோவுக்கு அது சரி. கழுத்து வெட்டு, பைப்பிங் வைப்பது, கொக்கி கட்டுவது எல்லாவற்றிலும் கை போகும் ஓட்டம் முக்கியம், நொடிக்கு 25 ஃபிரேம் இருக்க வேண்டும், படத்தின் அளவு குறைந்தால் பாதகமில்லை. டேலி வீடியோ இதற்கு நேர்மாறு. அது திரையைப் பதிவு செய்தது. 480பி-யில் லெட்ஜர் பெயரும் தொகையும் ஈசல் மொய்த்த மாதிரி ஆகிவிடும், வவுச்சர் எண்ணில் 3 எது 8 எது என்று தெரியாது. அங்கே 720பி-யை விட்டுக்கொடுக்கவே கூடாது, ஃபிரேமை நொடிக்கு 12, 15 என்று குறைத்துக்கொள்ளலாம். மவுஸ் அம்பு கொஞ்சம் தாவித் தாவி நகரும், அவ்வளவுதான். இப்படி இரண்டு விதமாகப் பிரித்த பிறகு எங்கள் கோர் 2 டுவோக்களில் பிராசஸர் பாதிக்கு மேல் ஏறுவதே அபூர்வம்.

மாற்றிய ஃபைலைப் பழைய பெயரிலேயே அதே ஃபோல்டரில் வைத்தோம், சாஃப்ட்வேர் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டது. கம்பெனியிடம் மெயிலில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் இதைச் செய்தோம், நீங்களும் கேட்டுவிடுங்கள். சில சாஃப்ட்வேர்களில் வீடியோ பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி செல்லாது, கம்பெனியிடமே குறைந்த ரெசல்யூஷன் பேக் கேட்க வேண்டும். கேட்டால் சில சமயம் கொடுக்கிறார்கள்.

வி.எல்.சி. பற்றியும் சொல்லிவிடுகிறேன், சாஃப்ட்வேருக்கு வெளியே வீடியோ பார்க்க இன்றும் நான் போடுவது அதுதான். 3.0 பதிப்பிலிருந்து ஹார்டுவேர் டிகோடிங் (கிராஃபிக்ஸ் சிப்பே டிகோட் செய்வது) தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. பழைய டிரைவர் உள்ள சிஸ்டத்தில் படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அமைப்பில் போய் அணைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அங்கேயே எச்.264 டீப்ளாக்கிங்கை, அதாவது படத்தில் கட்டம் தெரியாமல் மழுப்பும் வேலையை, தவிர்க்கும் வசதியும் உண்டு. படம் லேசாகச் சொரசொரக்கும், ஓட்டம் நன்றாக இருக்கும். 2022-இல் பல மாதம் வி.எல்.சி.யின் அதிகாரப்பூர்வத் தளம் இந்தியாவில் தடைபட்டிருந்து நவம்பரில்தான் திறந்தது. அந்தச் சமயத்தில் கண்ட இடத்திலிருந்து இறக்கிய வி.எல்.சி.யோடு விளம்பரக் குப்பையும் சேர்ந்து வந்த சிஸ்டங்களைச் சுத்தம் செய்தது தனி வேலை. மிகவும் நோஞ்சான் சிஸ்டத்தில் வி.எல்.சி.யை விட எம்பிசி-ஹெச்சி (MPC-HC) என்ற பிளேயர் இலகு. அதன் முதல் குழு 2017-இல் நிறுத்திக்கொண்டாலும் வேறொருவர் எடுத்துத் தொடர்கிறார், அந்தப் பதிப்பைத்தான் போட வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளேக்கு நேராக 'ஸ்டாண்டர்ட் விஜிஏ' என்று இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை. ஃபார்மட் போட்டுத் திரும்பி வந்த சிஸ்டங்களில் இது சர்வசாதாரணம்.

ஊருக்கு ஏற்ற வியாதிகளும் உண்டு. அம்மாபேட்டையில் சுற்றிலும் தறி, பஞ்சுத் தூசி காற்றிலேயே இருக்கிறது. சிபியு ஃபேனைக் கழற்றினால் ஹீட்சிங்கின் மேல் மெத்தை போட்ட மாதிரி படிந்திருக்கும். காலை பத்து மணிக்கு நன்றாக ஓடிய வீடியோ மதியம் மூன்று மணிக்குத் திக்கினால் அது சூடு. சித்திரை வெயிலில் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடுகிறது. புளோயர் அடித்து, தெர்மல் பேஸ்ட் புதுசாக வைத்தால் தீர்ந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கதை வேறு. ஏற்காட்டில் சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான். மழைக் காலத்தில் ரேமின் காண்டாக்ட் கறுத்துவிடும், ரப்பர் போட்டுத் தேய்த்துச் சொருக வேண்டும். நெட் இருந்த நாளில் அங்கே அடிக்கடி வந்த இன்னொரு புகார், "ஆன்லைன் வீடியோ ஓடல, நெட் நல்லாத்தான் இருக்கு". கீழே வலது மூலையில் தேதியைப் பார்த்தால் ஏதோ பழைய வருஷத்தில் நிற்கும். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடுகிறது. தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும், சாஃப்ட்வேரின் லைசென்ஸும் குழம்பும். வாட்ச் கடையில் கிடைக்கிற ஒரு பேட்டரிதான் மருந்து. மலைக்கு வீடியோவைப் பென் டிரைவில்தான் கொண்டுபோகிறோம். பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபி-க்கு மேல் உள்ள ஒரே ஃபைல் ஏறாது, இடம் நிறைய இருந்தாலும்.

லேனில், அதாவது மையத்துக்குள் சிஸ்டங்களை இணைக்கும் நெட்வொர்க்கில், ஒரே சிஸ்டத்தில் வீடியோவை வைத்து எல்லோரும் பார்ப்பதையும் நிறுத்திவிட்டோம். 15 பேர் ஆளுக்கு 4 மெகாபிட் என்றால் 60 மெகாபிட், 100 மெகாபிட் சுவிட்ச் கணக்கில் தாங்கும். ஆனால் ஒரே ஹார்ட் டிஸ்க் 15 இடத்துக்கு ஓடி ஓடி வாசிக்க வேண்டியிருப்பதால் திணறுகிறது. ஒவ்வொரு சிஸ்டத்திலும் காப்பி போட்டாயிற்று.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் எதில் போடுவது? பிரவுசரில் வீடியோ பார்க்கிறவர்களுக்கு 2 ஜிபி ரேமை 4 ஆக்குவது பிரயோஜனம். எச்.265 கட்டாயம் என்ற நிலையில் ஜிடி 1030 கிராஃபிக்ஸ் கார்டு அதை டிகோட் செய்துவிடும். ஆனால் விலையில் குறைவு என்று ஜிடி 710 வாங்கினால் அது எச்.264-ஓடு நின்றுவிடும், எச்.265 தெரியாது. ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரக் கார்டுதான் பொருந்தும், வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். எங்கள் மையத்தில் கார்டு எதுவும் வாங்கவில்லை, ஹேண்ட்பிரேக்கோடு வேலை முடிந்துவிட்டது.

ஆன்லைன் பாடங்களில் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கைகழுவியது, குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு தனக்குள்ளேயே ஒரு பிரவுசரை வைத்துக்கொண்டு வருகிறது, அது விண்டோஸ் 7-இல் ஏறவே மறுக்கிறது. அதனால் இந்தச் சிஸ்டங்களில் பழைய பதிப்பையே வைத்திருக்கிறோம், இணையத்தையும் துண்டித்துவிட்டோம். ஆன்லைன் தேர்வுக்கு மட்டும் பிள்ளைகள் அலுவலகச் சிஸ்டத்தில் முறை போட்டு உட்காருகிறார்கள்.