எண்ணெயா, நெருப்பா, ரம்பமா? ஹெரால்டின் துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றும் வழிகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின்சக்கரத்துக்கு உட்புறம், வெர்டிகல் லிங்க் என்னும் இரும்புத் தாங்கியின் அடியில் ஒரு நீண்ட போல்ட்டு இருக்கிறது. புஷ் எனப்படும் நைலான் வளையங்களுக்கு நடுவே ஓர் எஃகுக் குழாய். அந்தக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது போல்ட்டு. நட்டு பெரும்பாலும் சொன்னபடி கேட்டுக் கழன்றுவிடும். போல்ட்டு வராது. தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் சுழலக்கூடச் செய்யும். ஆனால் சுழல்வது போல்ட்டு மட்டுமல்ல; குழாயும் அதோடு சேர்ந்து நைலானுக்குள் சுழல்கிறது. சக்கரம் வாரியடித்த மழைநீர் அறுபது ஆண்டுகளாக அந்த மயிரிழை இடைவெளியில் நின்று காய்ந்திருக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு உலோகங்களும் ஒரே துண்டாக இறுகிவிட்டன.

பழைய காரைப் பிரிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வழிக்கு விசுவாசமாக இருப்பார்கள். ஒருவர் எண்ணெய் என்பார், ஒருவர் நெருப்பு என்பார், ஒருவர் நீளமான குழாயைக் கொண்டு வா என்பார். என் 1964 ஹெரால்டில் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். எது சிறந்தது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த இரண்டில் எது சாகலாம், எது பிழைக்க வேண்டும்? போல்ட்டு போனால் வேறு வாங்கலாம். வெர்டிகல் லிங்க் வளைந்தால் வாரக்கணக்கில் தேட வேண்டும். இதை முடிவு செய்யாமல் சுத்தியலைக் கையில் எடுக்கக்கூடாது.

வண்டலூர் ஆலையிலிருந்து 1961 முதல் வந்த கார் இது. 948 சி.சி. எஞ்சின், தனிச் சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட்டு போட்டுப் பூட்டிய உடல். முன்பக்க உடல் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்வதால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்தச் சுகம் வேறு எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் காரையும் பிரித்துவிடலாம் என்பது இதன் பெருமை. பிரிக்க வேண்டிய போல்ட்டுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதும் அதே காரணத்தால்தான்.

முதலில் ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்த ரவுண்டாகிப்போன நட்டுகளில் பாதிக்குமேல் துருவால் கெட்டவை அல்ல, தவறான ஸ்பேனரால் கெட்டவை. ஹெரால்டு அங்குலக் கணக்கில் செய்த கார். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனர் உட்காரும், ஆனால் ஆடும். 9/16 அங்குலம் 14.29 மில்லிமீட்டர், 14 ஏறாது என்பதால் 15 போடுகிறார்கள், அது முனைகளை வழித்து எடுத்துவிடும். பத்மினிக்கு மில்லிமீட்டர் செட் சரி. ஹெரால்டுக்கும் பழைய அம்பாசடருக்கும் அங்குல செட் இல்லாமல் தொடவே கூடாது. அதிலும் ஆறு முனை ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முனை பாக்ஸ் வேண்டும். பன்னிரண்டு முனை உள்ளது, துருத் தின்று மெலிந்த நட்டில் நழுவும்.

எண்ணெய் வழி

டபிள்யூ.டி.40 எல்லார் கையிலும் இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவில் அதைச் செய்தது ஈரத்தை விரட்டுவதற்காக. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் அதைத்தான் குறிக்கின்றன. லேசான துருவுக்குப் போதும். ஆண்டுக்கணக்கில் இறுகியதற்கு, ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய்கள் அதைவிட மேல். நம் பட்டறைகளில் பழகிய டீசலும் மண்ணெண்ணெயும் மோசமில்லை. அவசரமில்லாதவர்களுக்கு மலிவான வழி அதுதான். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலப்பவர்கள் உண்டு. நானும் கலந்திருக்கிறேன், நன்றாகவே உள்ளே போகிறது. ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயிண்டைத் தின்னும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தால் கதை முடிந்தது.

எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை நாள் என்பது முக்கியம் என்று அனுபவத்தில் கண்டேன். கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்துவிட்டு, காலையும் மாலையும் நான்கு சொட்டு, நடுவே சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் நாலு தட்டு. இப்படி ஒரு வாரம் போனால் உடலைச் சேசிஸோடு பூட்டும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை முனகிக்கொண்டே கழன்றுவிடுகின்றன. நட்டுக்குள் எண்ணெய் போக வேண்டிய தூரம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்தப் பின்சக்கரப் போல்ட்டிலோ குழாயின் முழு நீளமும் போக வேண்டும். இரண்டு வாரம் ஊற்றினேன். பிறகு அறுத்துப் பார்த்தபோது இரு முனைகளிலும் கொஞ்சம் ஈரம். நடுவில் செங்கல் பொடியைப்போலக் காய்ந்த துரு.

நெருப்பு வழி

ஒரே ஒரு வழிதான் அனுமதி என்றால் நான் தீச்சுடர் பீய்ச்சும் கேஸ் டார்ச்சைத்தான் எடுப்பேன். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 10 மில்லிமீட்டர் துளை உள்ள நட்டை 300 டிகிரி ஏற்றினால் துளை பெரிதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்குக்கும் குறைவு. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் உலோகம் விரியும்போது துரு கூடவே விரிந்து கொடுப்பதில்லை, நொறுங்குகிறது. அந்த நொறுங்கல்தான் வேலையைச் செய்கிறது. ஆகவே போல்ட்டைச் சுடக்கூடாது, நட்டைச் சுட வேண்டும். சூடு ஏறியதும் பதறித் திருப்பவும் வேண்டாம். கொஞ்சம் ஆறவிட்டு மெழுகுவத்தியை மரையோரம் தொட்டால் உருகி உள்ளே ஓடும். சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ள ஸ்டட் எனும் தலையில்லாத போல்ட்டுகளுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை. ஆறில் ஐந்து முழுசாக வந்தன.

முன்சக்கரம் திரும்பத் தாங்கி நிற்கும் டிரனியன் என்ற மூட்டுக்கும் நெருப்பு ஒத்துவந்தது. அது வெண்கலம், உள்ளே திருகியிருப்பது எஃகு. வெண்கலம் எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும் என்பதால் வெளியே உள்ளது தானாக விட்டுக்கொடுக்கிறது. (ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. இதை மறந்து இறுக்கிக்கொண்டே போனவர்கள் பலர். கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மரைக்கு கிரீஸ் அடிக்கக்கூடாது, ஈ.பி. 90 கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே கட்டியாகி மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடிந்துவிடும்.)

பின்பக்கப் போல்ட்டில் நெருப்பு தோற்றது. வெளியே இருந்து சுட்டால் சூடு முதலில் போவது லிங்க்குக்கு, பிறகு நைலானுக்கு. நைலான் உருகி நீல நிறமாக எரிந்து சொட்டியது. குழாயும் போல்ட்டும் ஒன்றாகவே சூடாகி ஒன்றாகவே விரிந்தன. ஒன்று விரிந்து மற்றது விரியாமல் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும்.

எண்ணெயையும் நெருப்பையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கலக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஹெரால்டின் பெட்ரோல் டாங்க் டிக்கிக்குள் இருக்கிறது. பின்பக்கம் சுடுவதற்கு முன் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் நெருப்பு காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். மூடிய ஷெட்டில் அது ஆளைக் கொல்லும்.

அடியும் நெம்பும்

ஸ்பேனரின் வாலில் மூன்றடிக் குழாயை மாட்டி இருவர் தொங்குவது நம் பட்டறைகளின் பழைய பழக்கம். எனக்கு அது பிடிக்காது. அவ்வளவு விசை மெதுவாக ஏறும்போது எங்கே கழல்கிறது, எங்கே முறிகிறது என்று கைக்குத் தெரியாமல் போகிறது. ஆறாவது ஸ்டட் அப்படித்தான் போனது. பாகு இழுபடுவதுபோல மெதுவாகக் கால் சுற்று வந்தது. கழல்கிறது என்று மகிழ்ந்தேன். அடுத்த நொடி ஸ்டட்டின் மேல்பாதி நட்டோடு கையில் வந்துவிட்டது. வெடுக்கென்று சத்தம் போட்டுக் கழல்வது நல்லது. மெதுமெதுவென்று வருவது முறியப் போவதன் அறிகுறி. அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும்.

அடி வேறு. சுத்தியலால் தலையில் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் திருப்புளி, பிரேக் டிரம்மைப் பிடிக்கும் இரண்டு பதிந்த ஸ்க்ரூக்களுக்காகவே பிறந்தது போன்றது. சாதாரண திருப்புளியில் வழுக்கித் தலை கெட்ட பிறகு இதைத் தேடுகிறார்கள்; முதலிலேயே எடுத்தால் இரண்டே அடி.

முறிந்துபோன ஸ்டட்டுக்கு இரண்டு வழி. நடுவில் துளைபோட்டு, ஈஸி அவுட் என்ற இடமரைக் கருவியைத் திருகி இழுப்பது ஒன்று. முறிந்த நுனியின்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து, அந்த நட்டைத் திருப்புவது இன்னொன்று. எனக்கு இதில் சந்தேகமே இல்லை, வெல்டிங்தான். பிடி கிடைப்பது மட்டுமல்ல, ஸ்டட்டின் நெஞ்சுக்குள்ளேயே சூட்டை இறக்கி, ஆறும்போது அதைச் சுருங்க வைக்கிறது. ஈஸி அவுட் மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும். பத்து ரூபாய் ஸ்டட்டுக்காக முழு சிலிண்டர் ஹெட்டையும் லேத் பட்டறைக்குச் சுமக்க வேண்டியதுதான்.

ரம்பம்

பின்சக்கரப் போல்ட்டுக்கு வருவோம். நைலான் புஷ்ஷுக்கும் லிங்க்குக்கும் இடையில் ஒரு பிளேடு நுழையும் அளவுக்கு இடுக்கு உண்டு. கிரைண்டர் வேகம்தான், ஆனால் அதன் தட்டு லிங்க்கின் முகத்தைக் கடித்துவிடும். ஹாக்சா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணியைச் சுற்றி, கையால் இழுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், மூன்று பிளேடு. இரண்டு பக்கமும் அறுத்ததும் நடுத்துண்டு குழாயோடு கீழே விழுந்தது. லிங்க்கில் ஒரு கீறல் இல்லை. போல்ட்டு, குழாய், புஷ் எல்லாம் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் அவை வேண்டும் என்பதால். மறுபக்கச் சக்கரத்தில் எண்ணெய், நெருப்பு எதற்கும் நேரம் கொடுக்கவில்லை. நேராக ரம்பம். புதிய போல்ட்டைச் செப்புப் பசை தடவித்தான் உள்ளே அனுப்பினேன்.

கடைசியாக நின்றது பின்சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதியான ஹப். கூம்பு வடிவ அச்சில், சாவி எனப்படும் சிறு எஃகுத் துண்டோடு இறுகியிருக்கும். இழுத்துக் கழற்றும் கருவியான மூன்று கால் புல்லரை மாட்டினால் விளிம்பு வளையும். சக்கர ஸ்டட்களில் பூட்டிக்கொள்ளும் தடித்த தட்டுப் புல்லர்தான் இதற்கு வேண்டும். ஓர் அன்பர் கடன் கொடுத்தார். அச்சின் மரை கெடாமல் இருக்க நட்டை நாலு சுற்று மாட்டிவைத்து, புல்லரை முடிந்தமட்டும் இறுக்கி, அதன் திருகின் தலையில் சம்மட்டியால் இரண்டு அடி. அசையவில்லை. இன்னும் கால் சுற்று இறுக்கிவிட்டு ஷெட்டைப் பூட்டிக்கொண்டு படுக்கப் போனேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது ஹப் நட்டின்மேல் சாய்ந்து நின்றது.