கல்லடியில் ஒருநாள் உறவுத்திறன் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பின் கல்லடியில், வாவியைப் பார்த்த மண்டபமொன்றில் நடைபெற்ற உறவுத்திறன் பயிலரங்குக்கு 2,500 ரூபாய் கட்டிச் சென்றிருந்தேன். பொருள், உளவியல் இருபாற்பண்பு. இது பாலியல் நாட்டம் பற்றியதன்று. துணிவு, தலைமை என ஆணுக்கும், கனிவு, பரிவு எனப் பெண்ணுக்கும் சமூகம் பங்கிட்டு வைத்த பண்புகள் ஒரே மனிதரிடம் சேர்ந்து நிறைந்திருப்பதையே அச்சொல் குறிக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் சான்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட வினாநிரலைக் காலையில் நிரப்பினோம். அதில் உள்ள 60 பண்புகளில் ஆண்மைக்கு 20, பெண்மைக்கு 20, எஞ்சியவை நடுநிலை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை நமக்கு நாமே புள்ளியிட வேண்டும். தமிழாக்கம் உறுத்தியது. விட்டுக்கொடுக்கும் இயல்பைப் ‘பணிந்துபோதல்’ என்று எழுதியிருந்தார்கள். அது நம்மூரில் ஆணுக்கு வசை, பெண்ணுக்குப் புகழ். பக்கத்தில் இருந்தவர் 5 என்று எழுதி, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அதை அழித்து 2 ஆக்கினார்.

இதைவிடப் பெரிய குறை கணக்கில் இருந்தது. ஆண்மை, பெண்மை என்ற இரு தொகுதியிலும் இடையத்துக்கு, அதாவது எல்லாருடைய புள்ளிகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் புள்ளிக்கு, மேல் பெற்றவர் இருபாற்பண்பினர், இரண்டிலும் கீழே நின்றவர் வேறுபடாதவர் என்று வகுப்பது வழக்கமான முறைதான். ஆனால் அந்த இடையத்தை அன்று வந்திருந்த 22 பேரை மட்டும் வைத்தே கணித்தார்கள். முந்தைய அணியின் இடையத்தோடு என் தாளை ஒப்பிட்டுக் காட்டும்படி கேட்டேன். வேறுபடாதவனாக இருந்த நான், ஒரு விடையும் மாறாமலே, இருபாற்பண்பினனாகிவிட்டேன்.

கட்டிய காசுக்குப் பிற்பகல்தான் பெறுமதி. வில்லியம் இக்கஸ், ரிச்சர்ட் பார்ன்ஸ் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்மைப் பண்பு மட்டும் மிகுந்த ஆணும் பெண்மைப் பண்பு மட்டும் மிகுந்த பெண்ணும் முன்பின் அறியாதவர்களாக ஓரிடத்தில் இருக்க நேர்ந்தபோது, மற்றச் சோடிகளைவிடக் குறைவாகவே பேசினர், பார்த்தனர், சிரித்தனர். ஒருவரையொருவர் விரும்பியதும் குறைவு. பொருத்தமான சோடி என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறான இம்முடிவைச் சொல்லாமலே எங்களையும் இருவர் இருவராக அமர்த்தினார்கள். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் குடையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். எதிரே இருந்த வங்கி அலுவலர் தன் கைப்பையின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நிமிடத்தில் அதிபர், “மகள், எனக்கு இப்படிச் சும்மா கதைக்கத் தெரியாது” என்றார். அதன்பிறகு மணி அடித்தும் அவர்கள் எழவில்லை.

பயிற்றுநர் நிதானமானவர், ஆனால் எடுத்துக்காட்டுகளெல்லாம் வெளிநாட்டவை. தாயின் குடிவழியாக வரும் வண்ணக்கர் என்னும் கோயில் நிருவாகப் பொறுப்பை ஆண் வகிப்பதும், வீட்டைப் பெண்ணுக்கு எழுதி மாப்பிள்ளையை அங்கே குடியேற்றுவதும் வழக்கமான மட்டக்களப்பில், ஆண் பெண் பங்கீட்டைப் பேச வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இருவர் பயிற்சிக்காகவே போகலாம், தம்பதியாகப் போனால் இன்னும் நல்லது. புள்ளித்தாளை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மண்டபத்தில் மின்விசிறி இரண்டுதான், சன்னல் பக்கம் இடம்பிடிக்க எட்டரைக்கே போய்விட வேண்டும்.