ப்ளானெட்ஃபால்: அந்தக் காந்தம் மட்டும் இல்லாமலிருந்தால்

பழைய எழுத்துவழி கணினி விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து ஆடும் நண்பர் ஒருவர், "ப்ளானெட்ஃபால் தொடங்கலாமா?" என்று கேட்டிருந்தார். இன்ஃபோகாம் நிறுவனம் 1983-ல் வெளியிட்டது, எழுதியவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி, படமே கிடையாது, எல்லாம் தட்டச்சில்தான் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். இந்த மாதிரி பழைய விளையாட்டுகளை ஓட்டும் ஃப்ராட்ஸ் செயலி இருந்தால் போனில்கூட ஓடும். என் லேப்டாப்பில் வருடக்கணக்காகக் கிடக்கிறது. அவ்வப்போது எடுத்து ஆடுவேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் எரிச்சல் வரும்.

ஃபைன்ஸ்டைன் என்ற விண்கப்பலில் தரை துடைக்கும் கடைநிலை ஊழியர் நாம். கப்பல் வெடிக்க, தப்பிப் போய் ரெசிடா என்ற கிரகத்தில் விழுகிறோம். ஆளே இல்லை. பசிக்கும், தூக்கம் வரும், போதாததற்கு ஒரு நோயும் ஏறிக்கொண்டே போகும். கையில் இருக்கும் மூன்று நிறக் கூழ் தீர்ந்தால் அடுத்த சாப்பாடு சமையலறையில்தான். அந்தக் கதவுக்கு காந்தப் பட்டை வைத்த கார்டு வேண்டும். கார்டு ஒரு பெரிய பிளவுக்கு அந்தப் பக்கம் உள்ள அலுவலக மேஜைக்குள். பிளவைத் தாண்ட ஏணி வேண்டும். ஏணி இருக்கும் அறைக்குப் பூட்டு. பூட்டின் சாவி ஒரு இடுக்கில் விழுந்து கிடக்கிறது. கருவி அறையில் கிடக்கும் வளைந்த உலோகக் கம்பியை நீட்டினால் சாவி ஒட்டிக்கொண்டு வரும். கம்பி ஒரு காந்தம் என்று விளையாட்டு சொல்லாது, நாமே ஊகிக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அருமையாகக் கோத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் வினை. கம்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கார்டையும் எடுத்தால், பட்டையில் இருப்பது அழிந்துவிடும். அழியும்போது ஒரு வார்த்தை சொல்லாது. பசியோடு சமையலறை வாசலுக்கு வந்து கார்டைத் தேய்த்த பிறகுதான், பட்டை கெட்டுப்போச்சு என்று தெரியும். அதற்குள் ஆட்டத்தை சேவ் செய்திருந்தால் அந்த சேவும் கெட்டதுதான்.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஏடிஎம் கார்டைக் காந்தத்தோடு வைக்காதே என்று நமக்கும்தான் சொல்லியிருக்கிறார்கள். அறிவியல் சரி. ஆனால் இதே விளையாட்டு பசி எடுத்தால் உடனே சொல்கிறது, கண்ணைச் சொருகினால் சொல்கிறது, உடம்பு சூடானால் சொல்கிறது. கார்டுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்றால் அது புதிர் இல்லை, வீம்பு.

இவ்வளவு திட்டியும் அழிக்காமல் ஏன் வைத்திருக்கிறேன்? ஃப்ளாய்டுக்காக. ரோபோ பட்டறையில் அணைந்து கிடக்கும் சின்ன ரோபோ. ஆன் செய்துவிட்டு நகர்ந்தால், கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்னாலேயே வர ஆரம்பித்துவிடும். குழந்தை மாதிரி பேச்சு, இடையிடையே காணாமல் போய்விட்டுத் திரும்பி வரும். அது பக்கத்தில் நிற்கும்போது சேவ் என்று அடித்துப் பாருங்கள். "ஐ! இப்ப ஏதாவது ஆபத்தான வேலை செய்யப் போறோமா?" என்று குதிக்கும். நாம் பயந்துபோய் சேவ் செய்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது! இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிறகு உயிரியல் ஆய்வகம். உள்ளே பயங்கரப் பிராணிகள், நமக்குத் தேவையான இன்னொரு கார்டும் அங்கேதான். ஃப்ளாய்டு தானாகவே முன்வந்து உள்ளே ஓடும். அது தட்டும்போது கதவைத் திறந்து, மறுகணமே மூட வேண்டும். அடுத்து நடப்பது ஊரறிந்ததுதான் என்றாலும் இங்கே எழுத மனசில்லை. அந்தக் கதவு வாசலில் நான் தட்டச்சு செய்வதே மெதுவாகிவிடும்.

முடிவிலும் ஒரு குறும்பு உண்டு. அந்தக் கிரகத்தில் ஒரு ஹெலிகாப்டர் நிற்கும், கடைசிவரை ஓட்டவே முடியாது. எல்லாம் சரியாக முடித்தால் ஃப்ளாய்டு திரும்பி வந்து, அந்த ஹெலிகாப்டர் சாவியைக் கையில் கொடுத்து, அடுத்த பாகத்துக்கு உதவும் என்கிறது. அடுத்த பாகம் ஸ்டேஷன்ஃபால் என்ற பெயரில் 1987-ல் வந்தேவிட்டது.

சரி, நண்பருக்கு என்ன சொல்ல? போன மாதம் அக்கா பையனுக்கு இதை ஆசையாகப் போட்டுக் கொடுத்தேன். ஃப்ளாய்டை எழுப்பினான், சிரித்தான், கம்பியும் கையுமாகப் பிளவைத் தாண்டினான். சமையலறை வாசலில் கார்டு வேலை செய்யவில்லை. "மாமா, இது போங்கு" என்று எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. ஆய்வகக் கதவை அவன் பார்க்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. இதைவிட நல்ல ரோபோவை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை, ஆனாலும் கேட்டதற்குப் பதில்: வேண்டாம்.

இல்லை, ஆடியே தீருவேன் என்றால், சாவி வந்த கையோடு அந்தக் கம்பியை அங்கேயே போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.