எந்த ப்ராசஸ் எந்த கன்டெய்னருடையது? நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளாக (கன்டெய்னர்களாக) ஓட்டும் டாக்கர் உள்ள சர்வரில் சிபியு பயன்பாடு திடீரென ஏறினால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை (ப்ராசஸ்களை) காட்டும் 'டாப்' திரையில் தெரிவது வெறும் 'நோட்', 'பைத்தான்', 'ஜாவா' என்ற பெயர்கள்தான். ஒரே பெயரில் அரை டஜன் ப்ராசஸ் நின்றால் எதை எந்த கன்டெய்னரின் கணக்கில் எழுதுவது? பல ஆண்டுகளாகப் பல வழிகளைப் பயன்படுத்தியதில் என்னிடம் நிலைத்தது ஒரு சாதாரணக் கோப்பு: 'ப்ராக்' அடைவில், அந்த ப்ராசஸின் எண்ணான பிஐடி பெயரிலுள்ள துணை அடைவில் இருக்கும் 'சிகுரூப்'. ப்ராசஸ் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று லினக்ஸின் மையமான கெர்னல் தரும் பதிவு அது.

சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பும், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் உள்ள சர்வர்களில் அதைத் திறந்தால் ஒரே வரி. அதன் இறுதியில் 'டாக்கர்' என்ற சொல்லை ஒட்டி 64 எழுத்து கன்டெய்னர் ஐடி இருக்கும். முதல் 12 எழுத்துகளை ஓடும் கன்டெய்னர்களைக் காட்டும் 'டாக்கர் பிஎஸ்' பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். பழைய முதல் பதிப்பில் அதே ஐடி மெமரி, சிபியு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாகத் திரும்பத் திரும்ப வரும். கண்ணுக்கு எரிச்சல், தகவல் ஒன்றுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, விடை நேராகக் கெர்னலிடமிருந்து வருவது. பின்னணியில் ஓடி டாக்கரை நடத்தும் டீமன் முடங்கிவிட்டால், ஒரு கன்டெய்னரின் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'டாக்கர் டாப்' அப்படியே தொங்கி நிற்கும். விடை அவசரமாகத் தேவைப்படுவதும் பெரும்பாலும் அப்போதுதான். அந்த நேரத்திலும் இந்தக் கோப்பைப் படிக்கலாம். ஐடிக்குரிய பெயர் வேண்டுமென்றால், டாக்கரின் கன்டெய்னர் அடைவில் அதே ஐடியின் கீழ் உள்ள கான்ஃபிக் கோப்பில் இருக்கிறது. அதற்கு ரூட் அனுமதி வேண்டும்.

ப்ராசஸ் பட்டியல் தரும் 'பிஎஸ்' காட்டும் யூசர் பெயரை நான் நம்புவதே இல்லை. டெபியன் அடிப்படையிலான அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சில்) யூசர் எண் 999. ஹோஸ்டில் (கன்டெய்னர்கள் ஓடும் சர்வரில்) அந்த எண் வேறொரு கணக்குக்குப் போயிருந்தால், டேட்டாபேஸ் ப்ராசஸ் சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயரில் நிற்கும். ப்ராசஸ்களைப் பெற்றோர்-பிள்ளை மரமாகக் காட்டும் 'பிஎஸ்ட்ரீ' கிளைகளும் பாதி உண்மைதான். ஓடும் கன்டெய்னருக்குள் கட்டளையை இயக்கும் 'டாக்கர் எக்ஸெக்' மூலம் நுழைந்த ப்ராசஸ், கன்டெய்னரின் முதல் ப்ராசஸுக்குப் பிள்ளையாக வராது. கன்டெய்னரைக் கவனிக்கும் இடைநிலை ப்ராசஸான ஷிம்மின் கீழ் தனியாக நிற்கும். சிகுரூப் மட்டும் இரண்டையும் ஒரே இடத்தில் காட்டும். அதை முழு மரமாகப் பார்க்க 'சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ்' நன்றாக இருக்கிறது.

லாகில் 'பிஐடி 17' என்றிருந்தால் அது கன்டெய்னருக்குள் இருக்கும் எண். ஹோஸ்டில் அந்த ப்ராசஸின் 'ப்ராக்' அடைவிலுள்ள 'ஸ்டேட்டஸ்' கோப்பின் 'என்எஸ்பிட்' வரி ஹோஸ்டின் எண், கன்டெய்னரின் எண் இரண்டையும் அருகருகே தரும், லினக்ஸ் 4.1 முதல் இந்த வசதி உண்டு. இவ்வளவு பயனுள்ள வரியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

குறையும் உண்டு. குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைபோல நொடியில் பிறந்து மறையும் ப்ராசஸ்களின் கோப்பைத் திறப்பதற்குள் அவை போய்விடும். அங்கே நான் தலைகீழாகத் தொடங்குகிறேன்: முதலில் 'சிஸ்டம்டி-சிஜிடாப்' மூலம் சிபியுவைத் தின்னும் கன்டெய்னரைப் பிடிப்பது, பிறகு அதற்குள் தேடுவது.