ஷிப்டுக்கு எழுப்பிவிட இரட்டை மணி டைம்பீஸ் போதுமா?

மேலே இரண்டு மணி, நடுவில் குட்டிச் சுத்தியல், பின்னால் பென்சில் செல். சென்னை காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்துக்குப் போகிறவர்களும், மணலி, எண்ணூர் பக்கம் காலை ஷிப்ட் பிடிப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையிலேயே சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

அலாரம் முள்ளை 6-ல் வையுங்கள். நேரம் திருப்பும் குமிழை மெதுவாக முன்னோக்கித் திருப்பிக்கொண்டே வந்து, மணி அடிக்கிற நொடியில் நிறுத்துங்கள். அப்போது கடிகாரம் 5:52 காட்டினால் இந்தப் பீஸ் எட்டு நிமிடம் முந்தி எழுப்பும். ஐந்து, பத்து நிமிட வித்தியாசம் இந்த வகையில் சகஜம். முந்தினால் பரவாயில்லை, பிந்தினால் வேறு பீஸ் கேளுங்கள். அலாரம் குமிழைப் பக்கத்திலுள்ள அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் முறுக்கினால் உள்ளே பல் தேய்ந்து, முள் சொன்ன இடத்தில் நிற்காது.

12 மணி நேர முகப்பு என்பதால் காலை, மாலை வித்தியாசம் இதற்குத் தெரியாது. காலை 5 மணிக்கு எழ வேண்டியவர் மாலை 4 மணிக்கே அலாரத்தை ஆன் செய்தால், மாலை 5 மணிக்கே அடித்துவிடும். படுக்கப் போகும்போது ஆன் செய்வதே சரி.

பெரும்பாலான ஏமாற்றம் செல்லில்தான். முள்ளை நகர்த்த மிகக் குறைந்த மின்சாரம் போதும். சுத்தியலை ஆட்டும் மோட்டாருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அதனால் செல் தளர்ந்த பிறகும் முள் ஓடும், மணி மட்டும் அடிக்காது. முள் ஓடுகிறதே என்று நம்பிப் படுக்காதீர்கள். வாரம் ஒருமுறை அடிக்கவிட்டுப் பாருங்கள். குரல் இழுத்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் தரும், 1.5 வோல்ட் அல்கலைனே போடுங்கள். ராயபுரம், திருவொற்றியூர் உப்புக்காற்றில் செல் தொடும் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகிவிடும். அல்கலைன் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது செல் போடுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். தலையணைக்கு அடியில் வேண்டாம். நாலு எட்டு தள்ளி, ட்யூப்லைட் சுவிட்ச் பக்கத்தில் ஸ்டீல் பீரோ மேல் வையுங்கள். தகடும் சேர்ந்து அதிர்வதால் கீச்சொலியோடு ஒரு கனத்த சத்தமும் எழும். முதுமையில் காது முதலில் இழப்பது கீச்சொலியைத்தான் என்பதால் பெரியவர்களுக்கு இது உதவும். அணைக்கப் போன கையோடு லைட்டையும் போடுங்கள். விழித்த பிறகும் கால் மணி, அரை மணி நேரம் மந்தம் இருப்பது இயல்பு, வெளிச்சம் அதைக் குறைக்க உதவலாம். இதில் ஸ்னூஸ் இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள். ஐந்தைந்து நிமிடமாக அறுபடும் தூக்கத்தில் உடம்பு தேறாது.

ஒரே அறையில் கைக்குழந்தையோடு நாலு பேர் படுக்கும் வீட்டுக்கு மட்டும் இது ஆகாது. மூன்று மணிக்கு எழுபவர், மணிக்கட்டில் அதிரும் வாட்ச் வாங்கிக்கொள்ளட்டும்.