நாட்செஸ், மிசிசிப்பி: பத்தாவது கல்யாண நாளுக்கு ரெண்டு நாள்

கல்யாணமாகி பத்து வருஷம் ஆச்சு, இந்த தடவை பீச்சும் வேணாம் கேசினோவும் வேணாம், ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடக்கிற மாதிரி ஒரு சின்ன ஊரா பாருங்கன்னு சொன்னேன், அவர் தேடிப்பிடிச்சது நாட்செஸ். பையனை அக்கா வீட்ல விட்டுட்டு ஹூஸ்டன்ல இருந்து காலைல கிளம்பி சாப்பாட்டுக்கு நிறுத்தி போய் சேர சாயங்காலம் ஆயிடுச்சு. எதிர்க்கரையில இருக்கிற விடாலியாங்கிற ஊர்ப்பக்கம் இருந்து பாலத்துல ஏறினதும் கீழே மிசிசிப்பி ஆறு, பழுப்பு நிறத்துல அவ்ளோ அகலம், எதிர்ல செங்குத்தா ஒரு மண்மேடு, அதுக்கு மேல ஊர். அந்த ஒரு காட்சிக்கே வந்தது சரின்னு தோணிடுச்சு.

ஊர் ரொம்ப பழசு, 1716ல பிரெஞ்சுக்காரங்க கோட்டை கட்டி ஆரம்பிச்சது. அதுக்கும் முன்னாடி நாட்செஸ் பழங்குடி ஜனங்க இருந்த இடம், அவங்க கட்டின மண்மேடுகளை கிராண்ட் வில்லேஜ்ல இப்பவும் பார்க்கலாம். அப்புறம் பருத்தி காசு கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு, பணக்காரங்க போட்டி போட்டு மாளிகை கட்டியிருக்காங்க. உள்நாட்டுப் போர்ல 1862ல சண்டை போடாம சரணடைஞ்சதால நிறைய வீடு அப்படியே நிக்குது.

எனக்கு ரொம்ப பிடிச்சது லாங்வுட். எட்டு மூலை வச்ச வீடு, உச்சியில வெங்காயம் மாதிரி ஒரு கோபுரம். 1860ல வேலையை ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் போர் வந்ததும் வடக்கே பிலடெல்பியாவுல இருந்து வந்த வேலை ஆளுங்க எல்லாம் போட்டது போட்டபடி ஊருக்கு போயிட்டாங்க. 32 ரூம் பிளான்ல கீழ்த்தளத்துல 9 ரூம்தான் முடிஞ்சிருக்கு. அந்த கீழ்த்தளத்துல குடும்பம் குடியிருந்தப்பவே 1864ல வீட்டுக்காரர் இறந்துட்டார். மேல ஏறினா வெறும் செங்கல்லும் மரச்சட்டமும்தான், இவர் ஒரு ஜன்னல் ஓரமா நின்னு அண்ணாந்து பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இப்ப நாங்க தங்கின இடத்தைப் பத்தி சொல்லணும், பேர் எழுதல. பழைய மாளிகைய தங்குற இடமா மாத்தியிருக்காங்க, கல்யாண நாள்னு சொல்லி ரெண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணோம், தோட்டத்துக்குள்ள தனி ரூம், அமைதியா இருக்கும்னு போட்டிருந்தாங்க. ரூம் சுத்தமா இருந்துச்சு, மெத்தை நல்லா இருந்துச்சு, பூ கூட வச்சிருந்தாங்க. ராத்திரி வாசப்படியில உட்கார்ந்திருந்தப்ப சுவத்துல ஒரு சின்ன பலகையைப் பார்த்தோம், அது அந்த வீட்ல அடிமையா இருந்தவங்க தங்கின கட்டடமாம். புக் பண்றப்ப இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் அழுதுட்டேன், அந்த இடத்துல எங்க சந்தோஷத்தைக் கொண்டாட எனக்கு மனசே வரல. காலைல கேட்டதும் பெரிய வீட்லயே வேற ரூம் மாத்திக் குடுத்தாங்க, மரியாதையாத்தான் பேசினாங்க, ஆனா அதை முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க போறதா இருந்தா நீங்க எடுக்கிற ரூம் முன்ன என்னவா இருந்துச்சுன்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க.

மறுநாள் மெல்ரோஸ் போனோம், இது தேசியப் பூங்கா துறை பார்த்துக்கிற மாளிகை. சாப்பாட்டு ரூம்ல மேஜைக்கு மேல கூரையில இருந்து ஒரு பெரிய மரப்பலகை தொங்குது, செதுக்கி பாலிஷ் போட்டு அவ்ளோ அழகு, அதுல ஒரு கயிறு. பார்த்ததும் ஏங்க இது பங்காதானேன்னு கேட்டேன், அவருக்கும் அதே. கயிறு கட்டி ஆள் இழுக்கிற பெரிய விசிறி, நம்ம ஊர்ப்பக்கம் இருந்து போன சாமான்தான், அங்கயும் பங்கான்னேதான் சொல்றாங்க. எங்க பாட்டியோட அப்பா தஞ்சாவூர் கோர்ட்ல பங்கா இழுத்தவர், உள்ளங்கையில காய்ப்பு காய்ச்சி கல்லு மாதிரி இருக்கும்னு பாட்டி சொல்லும். அவர் சம்பளத்துக்கு இழுத்தார், சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மெல்ரோஸ்ல விருந்து முடியிற வரைக்கும் ஒரு அடிமைப் பிள்ளை ஓரமா நின்னு இழுக்கணும், தட்டுல ஈ உட்காராம. எங்க பையன் வயசு இருந்திருக்குமோன்னு நினைச்சதும் என்னால அந்த ரூம்ல நிக்க முடியல.

அங்க இருந்து நேரா ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு. ரோட்டோரமா கொஞ்சம் புல்தரை, தகவல் பலகைகள், சிமெண்ட்ல பதிச்ச சங்கிலி, அவ்ளோதான் இருக்கு. 1863 வரைக்கும் மனுஷங்களை வித்த சந்தை இது, தெற்குல நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்து பெருசு. நாங்க நின்ன நேரம் வேற யாருமே வரல. மாளிகை மட்டும் பார்த்துட்டு திரும்பிடாதீங்க, இங்க அரை மணி நேரம் நில்லுங்க. ஸ்டேட் ஸ்ட்ரீட்ல வில்லியம் ஜான்சன் வீடும் பாருங்க, அடிமையா பிறந்து 1820ல விடுதலையாகி முடி வெட்டுற கடை நடத்தினவர், 1835ல இருந்து 1851ல அவரைக் கொல்ற வரைக்கும் டைரி எழுதியிருக்கார். அவரே அடிமைங்களையும் வச்சிருந்தார், அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் ராத்திரி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம்.

சாப்பாட்டுல டமாலேதான் முதல்ல. மக்காச்சோள மாவுக்குள்ள காரமா கறி வச்சு சோளத்தோகையில சுத்தி வேக வச்சது, பிரிக்கும்போது நம்ம பூவரச இலைக் கொழுக்கட்டை ஞாபகம் வருது. ஃபேட் மாமாஸ்ல சாப்பிட்டோம், சூப்பர். சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு ஊர்ல கொஞ்சம் கஷ்டம்தான், கையில ஏதாவது எடுத்துட்டு போங்க. வார நாள்ல சில இடம் மூடியிருக்கு, ரெண்டு இடத்துல பூட்டைப் பார்த்துட்டு வந்தோம், போன் பண்ணிட்டு போங்க.

சாயங்காலம் ரெண்டு நாளும் மேட்டு மேல பெஞ்சுல உட்கார்ந்தோம். எதிர்க்கரை லூசியானா, சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்குது, ஆறு முழுக்க செம்பு நிறமாயிடுது, கீழ பார்ஜ்னு சொல்ற தட்டையான சரக்குப் படகுகளை வரிசையா தள்ளிக்கிட்டு ஒரு படகு சத்தமே இல்லாம போகுது. பத்து வருஷத்துல இவ்ளோ நேரம் போனை எடுக்காம பக்கத்துல உட்கார்ந்ததே இல்லன்னு இவர் சொன்னார்.

திரும்பும்போது வீட்டுக்கு லேட்டானாலும் பரவால்லன்னு நாட்செஸ் டிரேஸ் ரோட்டுல பத்து மைல் போய் எமரால்டு மவுண்ட் பார்த்தோம். எட்டு ஏக்கர் மண்மேடு, பழங்குடி ஜனங்க கையால மண் சுமந்து கட்டினது. லாரியே வராத ரோடு, ரெண்டு பக்கமும் மரம், 50 மைல் ஸ்பீடுக்கு மேல போகக்கூடாது. ஊருக்கு அஞ்சுக்கு அஞ்சு, ரூமுக்கு ரெண்டு.