ஆர்.சி.சி.பி. விழுந்தால் போதாது, வீடும் இருட்ட வேண்டும்

சேலத்தில் கன்னங்குறிச்சி, ஏற்காடு அடிவாரம் பக்கம் புதுவீடு கட்டிக் குடிபோனவர்கள், வயரிங் வேலை நடந்துகொண்டிருப்பவர்கள் எல்லோரும் இதைப் படித்ததும் உங்கள் டி.பி. பெட்டியை, அதாவது வீட்டு மின்சாரத்தின் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டியை, சோதித்துப் பாருங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே அறுத்து ஆளைக் காப்பாற்றும் கருவிதான் ஆர்.சி.சி.பி. எங்கள் வீட்டில் பணம் வாங்கிக்கொண்டு அதைப் பொருத்திய ஆளே, எங்களுக்குத் தெரியாமல் அதை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டுப் போயிருந்தார். என் அம்மா உயிர் தப்பியது காலில் ரப்பர் செருப்பு இருந்ததால்தான்.

குடிபோன பிறகு வந்த மழைக்காலத்தில் கீசரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுந்து மொத்த வீடும் டிரிப் ஆனது. அதைப் பொருத்திய காண்டிராக்டரைக் கூப்பிட்டோம். பெட்டியைத் திறந்தார், சிறிது நேரம் ஸ்குரூ டிரைவரோடு நின்றார், மூடினார். "கருவி ரொம்ப சென்சிட்டிவ் அண்ணா, சரிசெய்துவிட்டேன். இனி விழாது" என்று சொல்லி அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு போனார். சொன்னபடியே அதன்பின் ஒரு முறைகூட விழவில்லை.

ஒரு நாள் காலை, ஈரத்தரையில் நின்று வாஷிங் மெஷினைத் தொட்ட அம்மாவைத் தோள் வரை இழுத்து உதறிவிட்டது. காண்டிராக்டரிடம் கேட்டால் மெஷின் கோளாறு என்றார். மெஷின் கம்பெனி ஆள் வந்து பார்த்து, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார். சந்தேகம் வந்து ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று குறித்திருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று நெம்புகோல் கீழே விழுந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அது இன்வெர்ட்டரில் ஓடுகிறது அண்ணா" என்றார் காண்டிராக்டர் போனில். கேட்பதற்கு நியாயமான பதில்தான். ஆனால் எங்கள் ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டரில் இல்லை. கதவைத் திறந்தேன், உள்ளே விளக்கு எரிந்தது.

அம்மாப்பேட்டையில் அப்பாவுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஒயர்மேன் ஒருவர் இருக்கிறார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மெயினை அணைத்துவிட்டு முன்தகட்டைக் கழற்றிக் காட்டினார். ஆர்.சி.சி.பி.யின் கீழ்ப்பக்கத்து இரண்டு துளைகளும் காலி. வீட்டுக்குள் போகும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் அங்கிருந்து பிடுங்கப்பட்டு, மீட்டரிலிருந்து மின்சாரம் வந்து ஏறும் மேல்துளைகளிலேயே திணிக்கப்பட்டிருந்தன. ஒரே துளையில் இரண்டு தடித்த ஒயர்கள். ஒன்றில் திருகு சரியாக இறுகக்கூட இல்லை. பொத்தானை அழுத்தினால் நெம்புகோல் விழும், வீட்டு மின்சாரம் அந்தக் கருவிக்குள் போகாமலே ஓடிக்கொண்டிருக்கும். மாமா இதைப் பார்த்துவிட்டு, "குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்" என்றார்.

அவர் சொல்லித்தான் மற்றது விளங்கியது. பேஸ் ஒயரில் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் ஒயரில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று ஆர்.சி.சி.பி. ஓயாமல் ஒப்பிடுகிறது. வழியில் எங்காவது, மனித உடல் வழியாகவோ, மண்ணில் இறங்கும் எர்த் ஒயர் வழியாகவோ, கசிந்தால் கணக்கு இடிக்கும், உடனே அறுத்துவிடும். வீடுகளுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர் கருவி. அந்த அளவு கசிந்தால் 300 மில்லி விநாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 40 மில்லி விநாடிக்குள்ளும் அது அறுக்க வேண்டும். அதிகச் சுமை ஏறினால் விழும் சுவிட்சான எம்.சி.பி.க்கு இந்த வேலை தெரியாது. அது ஒயரைக் காப்பது, ஆளைக் காப்பதல்ல.

எங்கள் கீசரின் காயிலில் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து, உறை வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. ஆர்.சி.சி.பி. விழுந்து விழுந்து எங்களுக்குச் சொன்னது அதைத்தான். கோளாறு கீசரில் இருக்க, வாஷிங் மெஷின் ஏன் அடித்தது? இரண்டுக்கும் எர்த் ஒயர் ஒன்றே. அந்த எர்த் மண்ணில் ஒழுங்காக இறங்கவில்லை. எர்த்தின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 2.3 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரணச் சுமை என்று விட்டுவிடும். எர்த்தோடு இணைந்த அத்தனை சாமான்களின் உடம்பிலும் மின்சாரம் ஏறி நிற்கும். ஆர்.சி.சி.பி. இணைப்பில் இருந்திருந்தால், 2.3 ஆம்பியர் அதன் வரம்புக்கு எழுபது மடங்குக்கும் மேல்.

எர்த் குழியையும் தோண்டினோம். மேலே சிமெண்ட் மூடி, தண்ணீர் ஊற்றப் புனல் என்று எல்லாம் லட்சணமாக இருந்தது. கீழே குழாய் ஒரு கை நீளம்கூட இல்லை. பாறை தட்டியதும் அறுத்துவிட்டிருக்கிறார். பில்லில் முழு நீளத்துக்கும் காசு. எர்த் அமைப்பதற்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 3043, குழாய் 2.5 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. நம் பகுதியில் பாறை தட்டுவது புதிதல்ல. அதற்கும் அதே நூலில் வழி இருக்கிறது: செங்குத்திலிருந்து 30 பாகை வரை சாய்த்துப் புதைக்கலாம். குழியில் குழாய் இறங்கும்போது நீங்களே நின்று பாருங்கள், மூடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

காண்டிராக்டர் இன்னொரு பொய்யும் சொல்லியிருந்தார்: ஆர்.சி.சி.பி. என்ற இந்த ஒரு கருவி இருந்தால் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று. சாக்கெட்டில் திருகு தளர்ந்து பொறி பறந்தால், பேஸிலும் நியூட்ரலிலும் ஓடுவது சமமாகவே இருக்கும், ஆர்.சி.சி.பி.க்கு அது கண்ணில் படாது. அந்தப் பொறியைக் கண்டுபிடிக்கும் கருவி தனி. அமெரிக்காவில் 1999 மின்விதித் தொகுப்பிலேயே படுக்கையறைகளுக்கு அதைக் கேட்டுவிட்டார்கள். நம் வீடுகளில் அது அபூர்வம். ஆகவே கறுத்த சாக்கெட், சூடேறும் பிளக் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு அழுத்துங்கள். அந்த ஆர்.சி.சி.பி.யின் கீழ் வருகிற எல்லாமே நிற்க வேண்டும்; ஒரு சாமான் ஓடினாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இந்தப் பொத்தான் எர்த் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும் என்பதால் எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். டிரிப் ஆகிறது என்று வருகிற ஆளிடம், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். இடத்தைக் காட்டாமல் "சரிசெய்துவிட்டேன்" என்றால் கூலி கொடுக்காதீர்கள். ஏற்காட்டில் கீசரோடு அறைகளை வாடகைக்கு விடுபவர்களுக்கு இதை மன்றாடியே கேட்கிறேன். அங்கே குளிக்கப்போவது ஊர் தெரியாத குடும்பங்கள்.

பெட்டியின் படங்கள், குழாய்த் துண்டு, பில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.